கறுத்த மீன்: கடலில்லாத ஊரின் ஒரு சட்டி வரலாறு

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. லீவு நாளில் ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை ஒன்பதாம் தரப் பிள்ளைகள் போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு வந்து கேட்டார்கள். வெளிநாட்டுச் சமையற்காரர் ஒருவர் முள் எடுத்த மீன் துண்டில் மிளகாய்த்தூளும் மிளகும் பூசி, இரும்புச் சட்டியில் போட்டுக் கரியாக்கி எடுக்கிறார். "சேர், எரிஞ்சு போன மீனுக்கு ஏன் இவ்வளவு விலை?" என்றான் ஒருவன். பின்வாங்கில் இருந்த பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "எங்க வீட்டு அம்புல் தியலும் கறுப்புத்தானே சேர்."

அந்தப் பிள்ளை சரியான இடத்தைத் தொட்டுவிட்டாள். இரண்டு கறுப்புக்கும் பின்னால் வரலாறு இருக்கிறது. அவர்களுடைய கறுப்பின் கதையை உலகம் எழுதி வைத்திருக்கிறது. நம்முடைய கறுப்பின் கதை கேகாலை, இரத்தினபுரி அடுப்பங்கரைகளில் எழுதப்படாமலே கிடக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அவர்களுடைய கதை

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குத்தகை விவசாயி ஒருவரின் 13 பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் போல் புருதோம். 1979ல் நியூ ஓர்லியன்ஸ் நகரில் ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தார். அங்கே அவர் செய்த கறுத்த மீன் 1980களில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. செய்முறை இவ்வளவுதான்: செம்மீன் என்று அவர்கள் சொல்லும் ஒரு கடல்மீனின் துண்டை உருக்கிய பட்டரில் தோய்த்து, மிளகாய், மிளகு, உள்ளி, காய்ந்த இலைகள் சேர்ந்த தூளைப் பூசி, கொதிக்கக் காய்ந்த வார்ப்பிரும்புச் சட்டியில் சில நிமிடம் போடுவது. பட்டரும் தூளும் கருகி மேலே கறுப்புப் படை கட்டும். உள்ளே மீன் வெள்ளையாக, ஈரமாக இருக்கும்.

புருதோம் வளர்ந்தது கேஜன் மக்களின் சமையலில். அவர்கள் 1755ல் இன்றைய கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து பிரித்தானியரால் துரத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். ஊரை விட்டு வந்தவர்கள், கையில் கிடைத்ததைக் கொண்டு சமைக்கப் பழகியவர்கள். தோட்டத்து மக்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் நடந்தது. எல்லா ஹோட்டலும் அதே மீனைக் கேட்க, மெக்சிக்கோ வளைகுடாவில் அந்த மீன் அள்ளப்பட்டது. கடைசியில் அரசே தலையிட்டுத் தடை போட வேண்டி வந்தது. ஒரு சட்டிக் கறி ஒரு கடலையே அசைத்துவிட்டது.

நம்முடைய கறுப்பு வேறு

அம்புல் தியலில் மீனைக் கருக்குவதில்லை. அந்தக் கறுப்பு கொறக்காவிலிருந்தும் மிளகிலிருந்தும் வருகிறது. பழுத்த கொறக்கா மஞ்சளும் செம்மஞ்சளுமாக, சின்னப் பூசணி போல வரி வரியாக இருக்கும். அதைச் சுளை சுளையாகப் பிரித்து வெயிலில் காயப்போட்டு, அடுப்புக்கு மேலே பரணில் புகை பிடிக்க வைப்பார்கள். நாளாக ஆக அது கரிக்கட்டை போலக் கறுக்கும். அதை ஊற வைத்து, மிளகோடு அம்மியில் அரைத்து, மீனில் பூசி, மண்சட்டியில் தண்ணீர் வற்றும் வரை மெல்லிய நெருப்பில் வைத்தால் மீனும் கறுத்துவிடும்.

இது ருசிக்காக மட்டும் வந்த பழக்கம் அல்ல. கொறக்காவில் புளிப்பு அமிலம் அதிகம். கெலவல்லா, சூரை போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் ஒருவகைக் கிருமி பெருகி ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை இடிக்குமே, "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்வோமே, பல தடவை காரணம் அதுதான். கொறக்காவின் அமிலம் அந்தக் கிருமிகளை அடக்குகிறது. உப்பு அதற்குத் துணை. தண்ணீரை வற்ற வைப்பது மூன்றாவது காவல். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் நன்றாக வற்றிய அம்புல் தியலை ஒரு கிழமை வரை வைத்துச் சாப்பிட்டார்கள்.

இந்தக் கறி தெற்குக் கரைக்குச் சொந்தம் என்று சொல்வார்கள். அம்பலாங்கொடை பக்கத்துச் சட்டிக்குப் பெரிய பெயர். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் உயிர் கொறக்கா. அது மழை நாட்டு மரம். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் வீட்டுக்குப் பின்னால் தானாக முளைத்து நிற்கும். மிளகுக்கொடி பலா மரத்திலும் கமுகிலும் ஏறி நிற்கும். மீன் கரையிலிருந்து வந்தது. கறுப்பு நம் மலையிலிருந்து போனது.

சொல்லிலும் வரலாறு இருக்கிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1505ல் போர்த்துக்கேயர் இங்கே கால் வைத்த பிறகே அது இந்தப் பக்கத்துக்கு வந்தது. தமிழில் அதற்கு மிளகை வைத்தே பெயர் கட்டினோம்: மிளகு போலக் காரமான காய், மிளகாய். சிங்களத்தில் மிளகுக்குப் பெயர் கம்மிரிஸ். கம என்றால் ஊர். வெளியிலிருந்து வந்த மிரிஸ் வேறு, ஊர் மிரிஸ் வேறு என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். அம்புல் தியலில் இன்றைக்கும் முதல் காரம் மிளகுதான், மிளகாய்த்தூள் போட்டால் போடலாம், விட்டால் விடலாம். மிளகாய் வருவதற்கு முந்திய ஒரு சமையல் முறை இந்தச் சட்டியில் தங்கியிருக்கிறது என்றே நாங்கள் எண்ணுகிறோம்.

மாட்டு முதுகில் வந்த கடல்

கண்டி இராச்சியக் காலத்தில் இன்றைய கேகாலை மாவட்டத்தின் பெரும் பகுதி நான்கு கோறளை, மூன்று கோறளை என்று இருந்தது. இரத்தினபுரிப் பக்கம் சபரகமுவ திசாவனி. கரை போர்த்துக்கேயரிடமும் பிறகு ஒல்லாந்தரிடமும் இருந்தது. உள்நாட்டில் நெல் உண்டு, பாக்கு உண்டு, மிளகு உண்டு. உப்பும் மீனும் இல்லை.

1766ல் ஒல்லாந்தரோடு செய்த உடன்படிக்கையில் கண்டி அரசன் கரையோரம் முழுவதையும் இழந்தான். ஆனால் புத்தளம், சிலாபம் உப்பளங்களில் உப்பு எடுக்கும் உரிமை கண்டி மக்களுக்கு என்று எழுதி வாங்கப்பட்டது. ஒரு இராச்சியத்துக்கு உப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலேயே தெரிகிறது.

அந்த உப்பையும் கருவாட்டையும் மலைக்கு ஏற்றியது யார்? பொதி மாடுகளை வரிசையாகக் கட்டி ஓட்டி வந்த தவளக்காரர்கள். கண்டி அரசில் இந்தப் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென்றே மடிகே பத்த என்று ஒரு பிரிவு இருந்தது. அதில் முஸ்லிம்களின் பங்கு பெரியது. பாக்கும் மிளகும் கீழே இறங்கின, உப்பும் கருவாடும் துணியும் மேலே ஏறின. களனி கங்கையில் ருவன்வெல்ல வரைக்கும், களு கங்கையில் இரத்தினபுரி வரைக்கும் ஓடங்களும் வந்து போயின. மாவனெல்லையிலும் ஹெம்மாத்தகமையிலும் நம் ஆட்கள் ஊன்றிய வேரில் ஒன்று இந்த வியாபாரம். நம் முன்னோர்கள் இங்கே வந்தது வாளோடு அல்ல, உப்பு மூட்டையோடு. ஊர்க்காரர் அவர்களுக்குக் காணி கொடுத்தார்கள், அரசன் வேலை கொடுத்தான். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நம்முடைய பிள்ளைகளுக்கும், பக்கத்துப் பன்சலையின் தஹம் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும்.

இப்னு பதூதா கண்ட புகை மீன்

இன்னும் நானூறு வருடம் பின்னால் போவோம். மொரோக்கோவைச் சேர்ந்த இப்னு பதூதா மாலைதீவில் காழியாக இருந்துவிட்டு 1344ல் இலங்கைக்கு வந்தார். புத்தளம் பக்கம் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, பாவாதமலைக்கு ஏறினார். சிவனொளிபாதமலை என்றும் ஸ்ரீபாத என்றும் மற்றவர்கள் சொல்லும் நம் மலைதான் அது.

அவர் மாலைதீவைப் பற்றி எழுதும்போது அங்கத்து மீனைப் பற்றியும் சொல்கிறார். அதை வெட்டி, கொஞ்சம் வேக வைத்து, ஓலைக் கூடையில் போட்டுப் புகையில் தொங்கவிட்டுக் காய வைப்பார்கள் என்றும், இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் அது போகிறது என்றும் குறிப்பு வைத்திருக்கிறார். வாசித்தவுடன் தெரிகிறது அல்லவா? நம் சம்பலில் இடித்துப் போடும் மாசிதான்! மாலைதீவு மொழியில் மஸ் என்றால் மீன். பலயா என்று கடைகளில் சொல்லும் சூரை மீனைப் புகையில் கட்டையாகக் காய வைத்தது.

ஆகவே மீனைக் கறுக்க வைத்துக் காப்பாற்றும் வித்தை இந்தக் கடல் பக்கத்துக்குப் புதிதல்ல. கேரளத்தில் நம் கொறக்காவின் சொந்தக்காரனான குடம்புளியைப் போட்டு மீன் கறி வைத்து, அடுத்த நாள்தான் ருசி என்று காத்திருப்பார்கள். ஒரே கடலைச் சுற்றி இருந்தவர்கள் ஒரே கஷ்டத்துக்கு ஏறக்குறைய ஒரே பதிலைக் கண்டிருக்கிறார்கள்.

தோட்டத்துக்கு வந்த மீன்

பிரித்தானியர் காலத்தில் கதை மாறியது. 1820களில் கொழும்பு - கண்டி வீதி கேகாலை, மாவனெல்ல ஊடாக வந்தது. தவளம் மெல்ல மெல்ல மாட்டு வண்டிக்கு இடம் விட்டது. கோப்பி வந்தது, 1869ல் தொடங்கிய இலை நோயில் அழிந்தது, தேயிலை வந்தது. 1876ல் ஹெனரத்கொடையில் நட்ட இறப்பர் கன்றுகளிலிருந்து தொடங்கிய பயிர் களனிப் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியது. சாமான் ஏற்றவும் இறக்கவும் சின்னத் தண்டவாள ரயில் 1902ல் அவிசாவளைக்கும், அடுத்த ஆண்டு எட்டியாந்தோட்டைக்கும், 1912ல் இரத்தினபுரிக்கும் வந்தது.

தோட்டங்களுக்கு வந்த மக்கள் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்தவர்கள். பெரும்பாலும் காய்ந்த மண்ணில் பிறந்தவர்கள். அவர்களுடைய நாக்குக்குப் பழகிய புளி, புளியமரத்துப் புளி. அந்த மரம் வெயில் நாட்டு மரம், நம் மழைக்கு அது ஒத்துவராது. இங்கே புளி வேண்டுமென்றால் கடைக்குப் போக வேண்டும், கடை என்றால் பற்றுக் கொப்பி. கொறக்காவோ ஓடைக் கரையில் சும்மா விழுந்து கிடந்தது. பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பெண்களிடம் பார்த்து, லயத்து அம்மாயிகளும் கொறக்காவைக் காய வைத்துப் பரணில் போட்டார்கள். இதை எந்தத் துரையின் டயரியிலும் தேட வேண்டியதில்லை. தெஹியோவிட்ட, தெரணியகல, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களில் வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கருவாட்டுக் குழம்புக்கு எது நல்லது, புளியா கொறக்காவா என்று. அரை மணித்தியாலம் பேசுவார்கள்.

பச்சை மீன் தோட்டத்துக்கு வருவது சம்பள நாளில்தான். மற்ற நாளில் நெத்தலி, கட்டாக் கருவாடு, கொஞ்சம் மாசித் தூள். விடியப் பிரட்டுக்குப் போய், கொழுந்து எடுத்தோ பால் வெட்டியோ மத்தியானம் திரும்பும் பெண்ணுக்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. ஒரு துண்டுக் கருவாட்டைத் தணலில் போட்டுக் கறுக்கச் சுட்டு, வெங்காயமும் பச்சை மிளகாயும் வைத்து இடித்தால் ஒரு வீடு சாப்பிடலாம். புருதோம் செய்தது போலக் கருக்கிய மீன் நம்மிடம் எங்கே என்று கேட்டால், இதோ லயத்து அடுப்பில் இருந்தது. பெயர் வைக்கத்தான் யாரும் இல்லை.

இந்தக் கருவாட்டுக்கும் பஞ்சம் வந்த காலம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் இறக்குமதி குறைக்கப்பட்டது. மாலைதீவு மாசியும் அதில் அடிபட்டது. தோட்டங்களில் அந்த வருடங்களின் பட்டினியைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 2022ல் இன்னொரு தடவை பார்த்தோம். எரிபொருள் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. காஸ் சிலிண்டருக்கு இரவு முழுக்க வரிசை. 2021ல் 1000 ரூபாயாக ஆக்கப்பட்ட நாட்சம்பளத்தில் ஒரு டின் மீன் வாங்கவே யோசிக்க வேண்டியிருந்தது. அப்போது டவுனில் இருந்தவர்களும் மண்சட்டியையும் விறகையும் தேடிப் போனார்கள். கொறக்கா போட்டு மீனை நாலு நாளைக்கு வைக்கத் தெரிந்த வீடு கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ஏன் மீன்?

நம் பகுதியில் மூன்று சமூகமும் ஒரே பந்தியில் இருப்பது புதிதல்ல. ஆனால் இறைச்சி வந்தால் சிக்கல். இந்துச் சகோதரருக்கு மாட்டிறைச்சி ஆகாது. நமக்கு ஹலாலாக அறுத்திருக்க வேண்டும். பௌத்த வீடுகள் பலவற்றில் இறைச்சியே இல்லை. மீனுக்கு அறுப்பு முறை கேட்பதில்லை. அதனால் பெருநாளைக்கு வரும் விருந்தாளிக்கும், தீபாவளிக்கு நாம் போகும் வீட்டிலும், அவுருது மேசையிலும் மீன் ஒரு பொதுத் தட்டாக இருந்தது. அம்புல் தியல் ஒரு சட்டி கொடுத்து அனுப்பினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

2013ல் ஹலால் இலச்சினைப் பிரச்சினை வந்தபோதும், 2019 ஏப்ரலுக்குப் பிறகும் இந்தத் தட்டு மெலிந்தது. யாருடைய கடையில் வாங்குவது, யாருடைய வீட்டில் சாப்பிடுவது என்று பார்க்கத் தொடங்கினார்கள். நம் பக்கத்திலும் சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். இன்று நம் மாணவர்களில் பலருக்குப் பக்கத்து லயத்தில் என்ன சமைக்கிறார்கள் என்று தெரியாது. கருவாட்டு மணம் வந்தால் மூக்கைப் பொத்திச் சிரிக்கிறார்கள். சாப்பாட்டுப் பெட்டியை மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடும் பிள்ளையை நாங்கள் பார்க்கிறோம். அந்தப் பிள்ளையின் பெட்டியில் இருப்பது அறுநூறு, எழுநூறு வருட அறிவு. அதை வெட்கப்பட வைத்தது யார்? வெளியில் எங்கும் தேட வேண்டாம்.

வீட்டில் செய்து பார்க்க

ஒரு கிலோ கெலவல்லா அல்லது சூரை. ஒன்றரை அங்குலச் சதுரமாக வெட்டி, இரத்தம் போகக் கழுவி, தண்ணீரை வடித்துவிடுங்கள். ஏழெட்டுச் சுளை கொறக்காவை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊற வைத்து, இரண்டு மேசைக்கரண்டி மிளகு, தேவைக்கு உப்பு, நாலைந்து பல் உள்ளி, ஒரு துண்டு இஞ்சி சேர்த்து விழுதாக அரையுங்கள். மீனில் நன்றாகப் பூசுங்கள். மண்சட்டியின் அடியில் வாழையிலை விரித்து, கறிவேப்பிலை, றம்பை, ஒரு துண்டுக் கறுவா போட்டு, மீனை ஒரே அடுக்காக வையுங்கள். அரைக் கோப்பைத் தண்ணீர் போதும். மெல்லிய நெருப்பு. அகப்பை போடாதீர்கள், துண்டு உடைந்துவிடும். சட்டியைப் பிடித்து ஆட்டினால் போதும். தண்ணீர் முழுக்க வற்றி, மீனின் மேல் விழுது காய்ந்து ஒட்ட வேண்டும். பழைய ஆட்கள் மூடியின் மேலும் தேங்காய் மட்டைத் தணல் போடுவார்கள்.

அவசரம் என்றால் முள் எடுத்த துண்டில் அதே விழுதைக் கொஞ்சம் எண்ணெயோடு மெல்லிதாகப் பூசி, நன்றாகக் காய்ந்த இரும்புத் தாச்சியில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் போட்டு எடுங்கள். லூசியானாவும் சபரகமுவவும் ஒரே தாச்சியில் சந்திக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை பொல்லாதது.

ஒரு எச்சரிக்கை. பழுதான மீனைக் கொறக்கா திருத்தாது. ஹிஸ்டமின் ஒருமுறை உண்டாகிவிட்டால் எவ்வளவு வேக வைத்தாலும் போகாது. மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டு வருபவரிடம் ஐஸ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் சமைத்ததை அதிலே வையுங்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து அரித்தால் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள், கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

கொறக்கா மரம் இப்போது குறைகிறது. வீடு கட்டும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான், யாருக்கும் அது காசு மரமாகத் தெரிவதில்லை. பாடசாலைத் தோட்டத்தின் மூலையில் ஒரு கன்று நட முடியும். பள்ளிவாசல் காணியிலும், கோயில் காணியிலும், பன்சலைக் காணியிலும் இடம் இருக்கிறது. நட்டவர் பறிக்கும் மரம் இல்லை, காய்க்க வருடங்கள் ஆகும். பேரப்பிள்ளைகள் பறிப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.

அதோடு, உங்கள் வீட்டில் உம்மாவோ அம்மாயியோ ஆச்சியோ கறுத்த மீன் எப்படிச் செய்வார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஊர் என்பதையும் போடுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து அதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி, பாடசாலை நூலகத்தில் வைக்கப் போகிறோம். கெட்டியான மட்டை போட்டு, மூன்று மொழியிலும் பெயர் எழுதி.